ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்று, ஐந்து

1. தைப்பொங்கல் கழிந்த கிழமை, கணினித் திரைக்குப் படம் அனுப்பும் மென்பொருள் ஒன்றிலிருந்து ஒரு வரியை நீக்கினேன்.
2. வேகம் கூடியது. நீக்கியதை ஏற்றுக்கொண்டார்கள்.
3. அந்தப் புதிய மென்பொருளைச் சின்னம்மாவின் கணினியிலும் போட்டுக் கொடுத்தேன்.
4. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வீடியோ அழைப்பில் தன் சினேகிதியின் கை பின்னுக்குப் போகிறது என்று சின்னம்மா சொன்னார்.
5. அது கனடாப் பக்கத்து இணையத்தின் கோளாறு என்று நான் சொன்னேன்.
6. ஆவணியில் அந்தச் சினேகிதி இறந்துபோனார்.
7. கார்த்திகையில், கோளாறு கனடாவில் இல்லை, நான் நீக்கிய வரியில்தான் என்று தெரிந்தது.

ஒரு பிழையைப் பற்றி எழுதும்போது, மென்பொருள் எழுதும் நாங்கள் இப்படித்தான் எழுதுவோம். நடந்தவை நடந்த ஒழுங்கில், ஒரு சொல் கூடாமல். இந்த ஏழு வரிகளையும் நான் பல தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். அவற்றில் பொய் இல்லை. ஆனால் நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில், எங்கள் சாப்பாட்டு மேசையில் அச்சகத்துத் தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு சின்னம்மா நின்ற ஒரு பின்னேரம் இருக்கிறது. அதை எந்த இலக்கத்தின் கீழ் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சின்னம்மா என் அம்மாவின் ஒரே தங்கை. பிறவியிலேயே காது கேளாதவர். யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் எங்கள் வளவுக்குள்ளேயே, பின்பக்கத்து இரண்டு அறைகளில் இருக்கிறார். நெல்லியடியில் ஓர் அச்சகத்தில், அச்சடித்த தாள்களைப் பக்க ஒழுங்கில் அடுக்கித் தைக்கும் வேலை. கையால் கதைப்பதில் அவரை வெல்ல வீட்டில் ஆளில்லை. தெரிந்தவர்கள் எல்லாருக்கும் ஒரு சைகைப் பெயர் வைத்திருக்கிறார். என்னுடைய பெயர், மூக்குக்கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டு உடனே இரண்டு கைகளாலும் காற்றில் தட்டச்சு செய்வது. அம்மாவின் பெயரை இங்கே எழுதினால் அம்மா என்னோடு கோபிப்பார். சின்னம்மா கையால் சொல்வதை அம்மா வாய்விட்டுத் திருப்பிச் சொல்வது வழக்கம்; அதனால் என் நினைவில் சின்னம்மாவின் பேச்சு எல்லாம் அம்மாவின் குரலிலேயே இருக்கிறது.

சினேகிதி மயிலிட்டிக்காரர். இருவரும் ஆறு வயதில் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை ஒன்றில் சேர்ந்தவர்கள். வகுப்பில் படிப்பித்த சைகைகள் வேறு, விளக்கணைக்க முன்னர் படுக்கைகளில் இருந்தபடி அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்டவை வேறு. சூடை மீனுக்கு ஒன்று, பாரைக்கு ஒன்று, விடுதி மேற்பார்வையாளர் வருகிறார் என்பதற்கு ஒன்று, வருகிறார் ஆனால் பயப்படத் தேவையில்லை என்பதற்கு இன்னொன்று. அந்த மொழி தெரிந்தவர்கள் யுத்தத்தோடு திக்குத் திக்காய்ப் போனார்கள். சினேகிதியை அவருடைய மகள் கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். காது கேட்கும் அந்த மகளுக்குக்கூடத் தாயின் விடுதிச் சைகைகள் பாதிதான் விளங்கும். இருவருக்கும் எழுதத் தெரியும் என்றாலும் எழுத்தில் சுகம் விசாரிக்கலாம், மருந்தின் பெயர் சொல்லலாம், அவ்வளவுதான். கதைப்பதென்றால் கை வேண்டும். கைப்பேசித் திரையில் விரல்கள் நெல்மணி அளவுதான் தெரிகின்றன என்று சின்னம்மா குறைப்பட்டதால், என் பழைய கணினியைப் பெரிய திரையோடு அவருடைய அறையில் வைத்துக் கொடுத்தேன். ஞாயிறு மாலைகளில் அவர்கள் கதைத்தார்கள். சின்னம்மாவின் சிரிப்புக்கு மட்டும் சத்தம் உண்டு. அது கிணற்றடி வரை கேட்கும்.

அந்தக் கணினியில் படம் வரையும் சில்லு, அதாவது சிப், பழையது. செய்த நிறுவனம் அதைக் கைவிட்டுவிட்டது. உலகத்தில் அங்கங்கே இருக்கும் சிலர் அதற்கான ட்ரைவர் மென்பொருளைச் சம்பளமில்லாமல் பராமரிக்கிறார்கள். யாரும் படிக்கலாம், யாரும் திருத்தி அனுப்பலாம். வேலை முடிந்த பிறகு நானும் அதில் சேர்ந்துகொண்டேன். அந்த மென்பொருள் மூன்று பலகைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. ஒன்றைத் திரையில் காட்டிக்கொண்டிருக்கும்போது அடுத்ததில் படம் வரையப்படும். வரைந்து முடிய முன்னர் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டிவிட்டால், அதில் முன்பு இருந்த படம்தான் தெரியும். ஆகவே, ‘முடிந்துவிட்டதா’ என்று கேட்டுக் காத்திருக்கும் ஒரு வரி இருந்தது. என் மடிக்கணினியில் எத்தனை தடவை சோதித்தாலும், அந்த வரி கேட்கும்போதெல்லாம் வரைதல் ஏற்கெனவே முடிந்திருந்தது. வீண் காத்திருப்பு என்று நீக்கிவிட்டேன். என் மடிக்கணினி புதியது, எதையும் முந்தி முடிக்கக்கூடியது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஐரோப்பாவில் எங்கோ இருக்கும் பராமரிப்பாளர் ஒரு வரியில் பாராட்டி அதைச் சேர்த்துக்கொண்டார். என் பெயரோடு சேர்ந்த முதல் மாற்றம் அது. வீட்டில் சொன்னபோது சின்னம்மா கேட்டது நினைவிருக்கிறது. “ஒரு வரியை அழிச்சதுக்கோ இவ்வளவு புளுகு? நான் ஒரு நாளைக்கு எத்தினை தாளைக் கிழிச்செறியிறன், எனக்கு ஆர் கைதட்டினது?” அம்மா அதைச் சொல்லி முடிக்க முன்னரே நாங்கள் மூவரும் சிரித்துவிட்டோம்.

பிறகு அந்தப் பின்னேரம் வந்தது. நான் முன்னறையில் வேலையாக இருந்தேன். “பிள்ளை, உவள் மேசையிலை என்னவோ பரப்பி வைச்சுக்கொண்டு நிக்கிறாள். வந்து பாத்திட்டுப் போ, இல்லாட்டி என்னை விடமாட்டாள்” என்று அம்மா கூப்பிட்டார். அச்சகத்தில் பழுதாய்ப்போன தாள்களைச் சின்னம்மா கொண்டுவந்திருந்தார். பக்கம் ஒன்றை வைத்தார். இரண்டை வைத்தார். மூன்றை வைத்தார். அதன் பிறகு மறுபடியும் ஓர் ஒன்றாம் பக்கம். கடைசியாக ஐந்து. நாலு இருக்கவேண்டிய இடத்தில் விரலால் குத்திக் காட்டினார். “நாலு வரேல்லை. நாலு நிக்கவேண்டிய இடத்திலை ஒண்டு திரும்பி வந்து நிக்குது. அவளின்ரை கை மேலை போகுது, போகுது, டக்கெண்டு கீழை நிக்குது, பிறகு மேலை நிக்குது. அவள் என்ன சொல்லுறாளெண்டு விளங்கேல்லை.”

என்னிடம் எப்போதும் கேள்விகள் ஆயத்தமாக இருக்கும். எத்தனை தரம் வருகிறது, எப்போது வருகிறது, வேறு வீடியோவிலும் வருகிறதா என்று கேட்டேன். “நான் அவளோடை கதைக்கிறனோ, இருந்து எண்ணிக்கொண்டிருக்கிறனோ?” என்றார். நான் அவருடைய கணினிக்கு முன்னால் போய் இருந்து, நொடிக்கு எத்தனை படம் என்று காட்டும் கருவியைத் திறந்தேன். அறுபது. ஒன்றும் குறையவில்லை. திரும்பி வரும் பழைய படத்தையும் அந்தக் கருவி ஒரு படமாகத்தான் எண்ணும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. “இங்கை எல்லாம் சரி சின்னம்மா. கனடாவிலை நெற் சரியில்லை” என்றேன். “உன்ரை மூளை நல்லது. கண்தான் பழுது” என்று சொல்லி, என் மூக்குக்கண்ணாடியைத் தன் விரலால் மேலே தள்ளிவிட்டார். பிறகு தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். பகிடி பண்ணினாலும் நான் சொன்னதை நம்பினார். படித்தவள் சொல்கிறாள் என்று நம்பினார்.

நம்பியதால், பிழை உன் பக்கம்தான், மெதுவாகச் சொல்லு என்று சினேகிதியிடம் சொன்னார். சினேகிதி அப்போது வருத்தமாய் வைத்தியத்தில் இருந்தவர். மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொன்றையும் மூன்று தடவை சொன்னார். சில கிழமைகளில் களைத்துவிட்டார். அந்த அறை வாசலில் நின்று நான் கண்ட ஒன்று இன்னும் என்னை விட்டுப் போகவில்லை: பாதியில் நிறுத்தி, சினேகிதி தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் என்ன பழுது என்று தேடுவது போல. சின்னம்மா இந்தப் பக்கம் தலையாட்டிக்கொண்டிருந்தார். விளங்காவிட்டால் மேசையில் அடித்து மறுபடி கேட்பவர் அவர். சும்மா தலையாட்டுகிறவர் அல்ல. கடைசிக் கிழமைகளில் சினேகிதி கைகளைப் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி இருந்தார். நான் அதையெல்லாம் கண்டேன். கண்டு, நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் இறந்த பிறகு, முப்பத்தோராம் நாளுக்கான நினைவுப் புத்தகத்தை, நாங்கள் கல்வெட்டு என்று சொல்வதை, மகள் சின்னம்மாவின் அச்சகத்திலேயே அடிக்கக் கொடுத்தார். சின்னம்மா வேறொருவரையும் தொடவிடாமல் அவ்வளவையும் தானே அடுக்கித் தைத்தார். தேவாரங்களுக்குப் பிறகு மகள் எழுதிய ஒரு பக்கம் இருக்கிறது. அதில் இப்படி ஒரு வசனம்: ‘கடைசி மாதங்களில் அம்மாவின் கைகளும் பேச்சை இழந்தன. சொல்ல வந்ததைச் சொல்லமுடியாமலே போய்விட்டார்.’ அதை வாசித்தபோது, பிறர் வீட்டுத் துக்கத்துக்கு வருந்துவது போல நானும் வருந்தினேன்.

கார்த்திகையில், எங்கோ அதே பழைய சில்லு வைத்திருந்த ஒருவர், தான் தட்டும் எழுத்துகள் திரையில் மறைந்து மறைந்து வருகின்றன என்று எழுதினார். அந்தச் சில்லு யாரிடம் இருக்கிறது என்று பராமரிப்பாளர் கேட்டார். என்னிடம் இருந்தது. சின்னம்மா துணியால் மூடி வைத்திருந்த கணினியை அவருடைய அனுமதியோடு எடுத்துவந்தேன். திரையில் எண்கள் ஒவ்வொன்றாக ஓட ஒரு சிறிய நிரலை எழுதி, கூடவே வேறு பாரமான வேலைகளையும் கணினிக்குக் கொடுத்து, கைப்பேசியால் மெதுவேகத்தில் படம் பிடித்தேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று, நாற்பத்தொன்று, நாற்பத்தைந்து. மேசையில் பரப்பியிருந்த தாள்கள் அப்படியே என் கண்முன் வந்தன. பிழை எந்த மாற்றத்தோடு வந்தது என்று கண்டுபிடிக்க, மாற்றங்களின் வரிசையைப் பாதியாகப் பிரித்து, அந்தப் பாதியை மறுபடி பாதியாகப் பிரித்துத் தேடுவது எங்கள் முறை. அதையும் முறைப்படி செய்தேன். தேடல் முடியும் இடத்தில் யாருடைய பெயர் இருக்கும் என்று தொடங்கும்போதே எனக்குத் தெரியும்.

மறுநாள் சின்னம்மா வேலையால் வந்து கைகால் கழுவ முன்னரே சொல்லிவிட்டேன். அவருடைய அளவுக்கு எனக்குக் கை ஓடாது. தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். கைப்பேசியில் பிடித்த படத்தைக் காட்டினேன். இரண்டு தரம் போடச் சொல்லிப் பார்த்தார். “சரி. பிழையைக் கண்டுபிடிச்சிட்டாய் தானே. திருத்திப்போட்டு அவளின்ரை கதையளைத் திரும்பப் போடு, பாப்பம்” என்றார். அச்சகத்தில் பக்கம் மாறித் தைத்துவிட்டால் நூலைப் பிரித்துத் திரும்பத் தைப்பார்கள். அவர் அப்படித்தான் நினைத்திருக்கிறார். அந்த அழைப்புகள் எதுவும் எங்கும் சேமிக்கப்படவில்லை என்று சொல்லவேண்டியதாயிற்று.

அவர் கைப்பேசியை என் கையில் திருப்பித் தந்தார். பின்னர், “அப்ப அவளின்ரை கையிலை பிழையில்லை” என்றார்.

“இல்லை, சின்னம்மா.”

“கை பிழையெண்டு நான்தான் அவளுக்குச் சொன்னனான். நீ சொல்லி நான் சொன்னனான்.”

அம்மா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சின்னம்மாவின் தோளில் தட்டி, “பிள்ளை தெரிஞ்சோடி செய்தவள்?” என்று கையாலும் வாயாலும் கேட்டார். சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையால் கதைக்கிற ஒருவர் முகத்தைத் திருப்பிவிட்டால், பிறகு யாரும் அவரிடம் எதையும் சொல்லமுடியாது.

வரியை நீக்கியதற்காக மட்டும் நான் இவ்வளவு வருந்தவில்லை. நீக்கியது பிழைதான், ஆனால் எங்கள் வேலையில் எல்லோரும் அப்படிப் பிழை விடுகிறார்கள், அதைப் பதிவதற்கு ஓர் இடமும் இருக்கிறது. திருத்தத்தை எழுதி அனுப்பும்போது, ‘இந்த மாற்றத்தால் வந்த பிழை’ என்ற இடத்தில் என் மாற்றத்தைக் குறித்தேன். ‘முதலில் அறிவித்தவர்’ என்ற இடத்தில் சின்னம்மாவின் பெயரை எழுதினேன். அந்த அறிக்கையைக் காணவில்லையே, எங்கே என்று பராமரிப்பாளர் கேட்டார். தாளில் தந்தார், நான் எடுத்துக்கொள்ளவில்லை என்று பதில் எழுதினேன். மாதக்கணக்காக நான் அளந்து கண்டுபிடிக்காத ஒன்றை, ஒருவர் வெறுங்கண்ணால் கண்டு, பக்க இலக்கம் உட்படச் சரியாகச் சொல்லியிருந்தார். எனக்கு அது அறிக்கையாகத் தெரியவில்லை. இலக்கத்தில் சொல்லப்பட்டால்தான் எனக்குக் கேட்கும் என்று நினைத்துத்தானே அவர் இலக்கத்தில் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, சின்னம்மா ஒரு துண்டுத் தாளை என் விசைப்பலகைக்கு மேல் வைத்துவிட்டுப் போனார். ‘மகளுக்கு நீ எழுது. அம்மாவின் கை சரி என்று எழுது.’ எழுதினேன். முதலில் எழுதியதில் மூன்று பலகைகளும் காத்திருப்பும் வந்தன, அவற்றை எடுத்துவிட்டேன். கடைசியில், உங்கள் அம்மாவின் கைகள் பேச்சை இழக்கவில்லை, எங்கள் பக்கத்துத் திரைதான் அதைக் குழப்பிக் காட்டியது, அந்தத் திரையைக் குழப்பியது நான், அது உங்கள் பக்கத்துப் பிழை என்று சொன்னதும் நான் என்று நாலு வசனங்கள் மிஞ்சின.

இப்போதைய நிலை இது. திருத்தம் அந்த மென்பொருளைப் பாவிப்பவர்கள் எல்லோருக்கும் போய்விட்டது. காட்டப்போகும் அந்த ஒரு படம் முடிந்ததா என்று மட்டும் பார்த்துக் காத்திருக்கிறது, முன்பைவிட வேகம் குறையவும் இல்லை. மகள் என் செய்தியைப் படித்துவிட்டார் என்று காட்டுகிறது, பதில் வரவில்லை. கல்வெட்டில் அந்த வசனம் அச்சடித்தபடியே இருக்கிறது. சின்னம்மா வேலைக்குப் போய் வருகிறார், அம்மாவோடு கையால் கதைக்கிறார். என்னிடம் சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால், பஸ் நடத்துநருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் எழுதிக் காட்டுவது போல, தாளில் எழுதித் தருகிறார்.