மூன்றாவது பத்தி

கனிமொழி செய்த தப்பு, வந்த மெயிலை முதல் பத்தியோடு நிறுத்திக்கொண்டதுதான். எம்எஸ்சி வேதியியல் முடித்துவிட்டு, உதவித்தொகையோடு பிஎச்டி இடம் கேட்டு ஒன்றரை வருஷமாகக் கண்ட கண்ட பேராசிரியர்களுக்கெல்லாம் எழுதிக்கொண்டிருந்தவள். ஜெர்மனியிலிருந்து ஒருத்தர் ‘உங்களைச் சேர்த்துக்கொள்வதில் மகிழ்ச்சி’ என்று எழுதினால், கண் அதற்குக் கீழே போகுமா? வீடே அதிரக் கத்தினாள்.

அவள் அப்பா ஜானகிராமன் பட்டாபிராமில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். மகள் பத்தாவது பாஸானதற்கே தெருவுக்கு லட்டு கொடுத்த மனுஷன், இதற்குச் சும்மா இருப்பாரா? மறுநாள் காலையில் தெருமுனையில் பத்தடி ஃப்ளெக்ஸ். யார் கல்யாணத்திலோ எடுத்த கனிமொழியின் படம், பக்கத்தில் விமானம், கீழே ‘ஜெர்மனி செல்லும் எங்கள் குலவிளக்கே, வருக வென்று!’

அன்று மத்தியானம்தான் அவள் மூன்றாவது பத்தியைப் படித்தாள். இடம் உண்டு, உதவித்தொகை இல்லை, அதை நீங்களே வேறெங்காவது தேடிக்கொள்ள வேண்டும். அதாவது, போக முடியாது.

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்பத்தூரில் டியூஷன் எடுக்க ரயிலுக்குப் போகும்போதெல்லாம், தன் படத்துக்குக் கீழேயே தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். “எப்பம்மா ஏரோப்ளேன் ஏறப்போற?” என்பாள் பூக்கடை நாகம்மா. “விசா வரணும்க்கா” என்பாள் இவள். உள்ளே அவமானம் பிடுங்கித் தின்றது.

இரண்டு மாதம் கழித்து மாநகராட்சி ஆட்கள் ஃப்ளெக்ஸை இறக்கினார்கள். அப்பாடா என்றிருந்தது. அப்பா விடுவாரா? கேட்டு வாங்கிவந்து, மழைக்குச் சரக்கை மூட ஆட்டோவில் கட்டிவிட்டார். இப்போது அவள் முகம் ஆவடி, பூந்தமல்லி என்று ஊர்சுற்றியது.

“மார்க்கெட்ல அல்லாரும் கேக்கறானுங்கமா, யாரு பொண்ணுன்னு” என்றார் ஒரு சாயங்காலம், கயிற்றை இறுக்கிக்கொண்டே.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. “ஜெர்மனி இல்லப்பா. அவங்க ஸ்காலர்ஷிப் தரல. பேனர் வெச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும்.”

“ரெண்டு மாசமாவா?” என்றார். முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். முகம் உள்பக்கம் போகிற மாதிரி ஃப்ளெக்ஸைத் திருப்பிப் போட்டு, மறுபடி கட்டினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவளுக்கு.

வண்டியைக் கிளப்பும்போது கேட்டார்: “துட்டு குடுத்து சேத்துக்கறவன் வேற எவனும் இல்லியா?”

“தேடறேன்பா.”

“தேடு. வந்தா கடைசி வரிக்கும் படிச்சிட்டு சொல்லு. திருப்பிக் கட்டிக்கலாம்.”