பிறப்பதற்கு முன் தைத்த சட்டை

தையல் மெஷின் எண்ணெயின் வாசனையை நான் தனியாக அறிந்ததில்லை. எங்கள் வீட்டில் அது எப்போதும் சுக்கு வாசனையோடு கலந்தே வரும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்கு மண்டியின் மேல்மாடியில் குடியிருந்தோம். கீழே பெண்கள் சுக்கைச் சலித்துத் தரம் பிரிக்கப் பிரிக்க, தூசி மரப்படி வழியாக ஏறி வந்து, கூடத்து ஜன்னலோரம் இருந்த அம்மாவின் மிதி மெஷின் மேல் படியும். எண்ணெய் விட்ட இடங்களில் மஞ்சளாகத் திரண்டு ஒட்டிக்கொள்ளும். அம்மா தினமும் பழந்துணியால் அதைத் துடைத்துவிட்டுத்தான் தைக்க உட்காருவாள். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த அந்த ‘வெக்கேஷனில்’ துடைக்க ஆளில்லாமல் போயிற்று, ஏனென்றால் அம்மா படுத்துவிட்டாள்.

அம்மா அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால் படி இறங்கக்கூடாது, மெஷின் மிதிக்கக்கூடாது, முடிந்தவரை இடதுபக்கமாகப் படுத்தே இருக்க வேண்டும் என்று எர்ணாகுளத்து டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்குப் பின் ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. அது எப்போது, எத்தனை மாதத்தில் என்றெல்லாம் எனக்கு யாரும் சொன்னதில்லை. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரியவர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள் என்பது மட்டும் தெரியும். ஆகவே அந்தக் கோடை முழுவதும் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்பாவை நாங்கள் ‘அத்தா’ என்போம்; அவர் மண்டிக் கணக்கெழுதும் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறுவார். அத்தாவின் அக்கா, நாங்கள் ‘குப்பி’ என்று கூப்பிடுகிறவர், எங்களைப் பார்த்துக்கொள்ளப் பாலக்காட்டிலிருந்து வந்து தங்கியிருந்தார். சமையல், தொழுகை, நடுவில் எங்கள் எல்லோருக்கும் சட்டதிட்டம் என்று அவருடைய நாள் போகும்.

சும்மா கிடந்த மெஷினில் நான் உட்கார்ந்தது வேறு செய்ய எதுவும் இல்லாததால்தான். எனக்குத் தையலில் ஒன்றும் தெரியாது. நூல் கோக்காமல் பழைய மலையாளப் பத்திரிகையை ஊசிக்கடியில் வைத்து, அச்சிட்ட வரிகளின் மேலேயே ஓட்டிப் பார்த்தேன். மிதியை முன்னால் அழுத்தினால் சக்கரம் பின்னால் போனது. பின்னால் போகிறதே என்று காலை எடுத்தால் நின்றது. முதல்வரின் அறிக்கை ஒன்றில் தொடங்கிய துளைகள் சிமெண்டு விளம்பரத்தில் போய் முடிந்தன. உள்ளறையில் படுத்திருந்த அம்மாவுக்கு அந்தச் சத்தம் ஒரு பொழுதுபோக்காகிவிட்டது.

“என்ன மோளே, படகுத்துறையிலேர்ந்து போட்டு கிளம்புதா?” என்பாள்.

கொஞ்சம் கழித்து, “போட்டு பாலத்துல இடிச்சிடுச்சு போல” என்பாள். சரியாக அப்போதுதான் ஊசி முறிந்திருக்கும்.

நூல் கோத்து நிஜத் துணியில் தைக்கத் தொடங்கியபோது மேல்பக்கம் ஒழுங்காகவும் அடிப்பக்கம் காக்கைக்கூடு மாதிரியும் வந்தது. அடிநூல் சுற்றிய பாபினை எந்தப் பக்கமாக உள்ளே போடுவது என்று நாலு விதமாகவும் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்தேன். எனக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்று அத்தா பச்சைப் பூப்போட்ட பருத்தித் துணி வாங்கி வந்தார். வீட்டிலிருந்த தலையணைகளுக்கெல்லாம் உறை தைக்கச் சொன்னார். தலையணை உறையில் வளைவு கிடையாது, நேராக ஓட்டினால் போதும். முதல் உறையை அம்மாவின் தலைக்கடியில் வைத்தபோது அவள் கையால் தையலைத் தடவிப் பார்த்து, “பரவால்ல, கடைக்காரன் பிழைப்புல மண்ணைப் போட்டுடுவே” என்றாள். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குக் கொழுப்பு ஏறியது.

பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு ‘ஜப்லா’ தைக்க வேண்டும் என்று தோன்றியது. முன்பக்கம் ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு, முதுகில் கட்ட இரண்டு நாடா. அவ்வளவுதான் அந்தச் சின்னச் சட்டை. குப்பியிடம் கேட்டேன். குப்பி கையிலிருந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்துவிட்டார்.

“அந்தப் பேச்சே வேண்டா. புள்ள வர்றதுக்கு முந்தி அதுக்குன்னு ஊசி எடுக்கப்படாது. நம்ம வீட்ல யாரும் எடுத்ததில்ல. பொறந்ததும் சுத்தி வைக்க அத்தாவோட பழைய வேட்டித்துணி இருக்கு.”

“எடுத்தா என்ன ஆகும்?”

“கேக்கவும் படாது.”

உண்மையாகவே அப்படித்தான். எங்கள் குடும்பங்களில் பிள்ளை பிறக்கும் முன் அதற்கென்று ஒரு நூல்கூட வாங்க மாட்டார்கள். பலமுறை துவைத்து மெத்தென்றான வேட்டியைக் கிழித்து மடித்து வைப்பார்கள்; அதையும் பிள்ளைக்கென்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எனக்கு அது தெரியாது என்று இன்று சொல்லிக்கொள்ள முடியாது. கேட்டுத் தெரிந்துகொண்டுதான் தைத்தேன். குப்பி மதியம் தூங்கும் நேரத்தில், பச்சைப் பூத்துணியின் ஓரத்திலிருந்து வெட்டி எடுத்து, என் ஒற்றைக்கண் பொம்மையை அதன்மேல் படுக்க வைத்துப் பென்சிலால் கோடு போட்டு வெட்டினேன். தையலுக்கென்று சுற்றிலும் கொஞ்சம் துணி விட வேண்டும் என்பது தெரியாததால், தைத்து முடித்தபோது சட்டை பொம்மைக்கே பற்றவில்லை. இருந்தாலும் அதன் கழுத்து வட்டமாக வந்திருந்தது. அந்த வட்டத்தைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்து, மடித்து, என் பள்ளிக்கூடப் பையின் அடியில் வைத்தேன். துணி குறைந்துபோனதால் அத்தாவின் தலையணை உறை குட்டையாகி, தலையணை ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அத்தா அதன்மேலேயே தலை வைத்துத் தூங்கினார்.

மறுநாள் காலை அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துப் படியிறக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். சுக்கு சலித்துக்கொண்டிருந்த சேச்சிகள் முறத்தோடு எழுந்து நின்று வழி விட்டார்கள். அன்று சாயங்காலமே தம்பி பிறந்தான். இரண்டு மாதம் முந்திவிட்டான். எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று அத்தா வந்து சொன்னார். எவ்வளவு பெரிசு என்று குப்பி கேட்டதற்கு, அவர் தன் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, பிறகு அதில் பாதியை மட்டும் காட்டினார்.

“யாரு என்ன செஞ்சாங்களோ” என்றார் குப்பி. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் செய்தது யார் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான்.

பத்து வயதுக்கு என்ன தர்க்கம் உண்டோ அதன்படி யோசித்தேன். தைத்ததால் வந்தது என்றால் பிரித்தால் போய்விடும். அத்தா சவரம் செய்யும் பிளேடை எடுத்துக்கொண்டு கூடத்தின் மூலையில் உட்கார்ந்தேன். அறுத்து இழுத்துவிட்டால் செல்லாது, ஒவ்வொரு தையலாக எடுத்தால்தான் கணக்கு என்று நானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். தையல் எப்படி நிற்கிறது என்பதை நான் உண்மையில் கற்றுக்கொண்டது அப்போதுதான். மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல், துணியின் நடுவில் இரண்டும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்திருக்கின்றன. ஒன்றை விடுவித்தால் மற்றது தானாகவே படுத்துவிடுகிறது. தைக்கும்போது எனக்குத் தெரியாத எல்லாம் பிரிக்கும்போது தெரிந்தது. எங்கே மிதியை வேகமாக மிதித்தேன், எங்கே பயந்து நிறுத்தினேன் என்பதெல்லாம் அந்தத் துளைகளில் இருந்தது. கழுத்து வட்டத்தைக் கடைசியாகப் பிரித்தேன். அன்று தம்பி கொஞ்சம் பால் குடித்தான் என்று செய்தி வந்ததும் நான் செய்தது சரி என்று உறுதியாகிவிட்டது.

அந்த உறுதி அடுத்த நாளே உடைந்தது. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அம்மா கண்ணாடிக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே தம்பிக்குக் கடையில் வாங்கிய சட்டையைப் போட்டிருந்தார்கள். இருப்பதிலேயே சின்னது அதுதானாம். கழுத்து அவன் தோளிலிருந்து நழுவி வயிற்றில் கிடந்தது. கைகள் எங்கே என்று தெரியவில்லை. நர்ஸ் சேச்சி வெளியே வந்து, “இதொக்கே வலுதாணு, ரொம்பப் பெரிசு, சின்ன உடுப்பு ஏதாவது கிட்டுமா?” என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா சொன்னாள்: “இத்தனூண்டு புள்ளைக்கு எவன் சட்டை தைச்சு வச்சிருப்பான்?”

நான் தைத்து வைத்திருந்தேன். பொம்மைக்கும் பற்றாத அந்தச் சட்டை இந்தப் பிள்ளைக்குச் சரியாக இருந்திருக்கும். அதைத்தான் ஒரு தையல் விடாமல் பிரித்து வைத்திருந்தேன். தைத்ததும் தப்பு, பிரித்ததும் தப்பு என்று ஆனபிறகு ஒரு பிள்ளைக்கு நிற்க இடமே இல்லை. அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல் மெஷினில் உட்கார்ந்தேன். பிள்ளை பிறந்துவிட்டதால் இப்போது தடையில்லை. குப்பியே பக்கத்தில் வந்து நின்று சாயா குடித்தபடி பார்த்தார். “எப்ப வெட்டினே இதை?” என்று கேட்டார். நான் துணியைத் திருப்பி அடுத்த ஓரத்தை ஊசிக்கடியில் வைத்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. பழைய துளைகள் இருந்ததால் எனக்கு வழி தெரிந்தது. ஊசி அந்தந்தத் துளைக்குப் பக்கத்தில் போய் இறங்கிற்று. அத்தா அதைக் கொதிநீரில் போட்டுக் காயவைத்து எடுத்துப் போனார். தம்பி அந்தச் சட்டையில்தான் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே வந்தான். அவன் வளர்ந்து அது பற்றாமல் போனதும், அந்த வார்டில் அவனைப் போலவே முந்திப் பிறந்த இன்னொரு பிள்ளைக்கு அம்மா அதைக் கொடுத்துவிட்டாள்.

அப்படியிருந்தும் எனக்கு அது முடியவில்லை. தம்பிக்குச் சளி பிடித்தால், நடக்கத் தாமதமானால், பள்ளிக்கூடத்தில் கண்ணாடி போடச் சொன்னால், என் மனம் நேரே அந்தப் பூத்துணிக்குப் போய்விடும். நான் பிறகு நிறையப் படித்தேன். காக்கநாட்டில் வேலைக்குப் போகிறேன். ரத்த அழுத்தம் ஏறினால் பிரசவம் முந்தும் என்று எனக்குப் புரியும்படி யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் என் மகள் பிறக்கும் முன் அலுவலகத்துத் தோழிகள் கொடுத்த குழந்தை உடுப்புகளை நான் உறை பிரிக்காமல் காரின் பின்னால் வைத்திருந்தேன். கணவர் கேட்டதற்கு, அலமாரியில் இடமில்லை என்றேன்.

இப்போது எனக்கு இரண்டாவது, ஆறாம் மாதம். சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போயிருந்தோம். அம்மா இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறாள். எட்டு வயதாகும் என் மகள் மெஷினுக்கு முன் நின்றபடி மிதித்து ஏதோ ஓட்டிக்கொண்டிருந்தாள். என்ன தைக்கிறாய் என்று கேட்டேன். “வாவைக்கு உடுப்பு” என்றாள், என் வயிற்றைக் காட்டி. நான் அந்தத் துணியை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். அவளை அதுவரை நான் அப்படி அதட்டியதில்லை. அவள் அழக்கூட இல்லை. தன் கையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கூடத்து மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அதே மூலை.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“எதுக்கு அவளை விரட்டுறே? நான் உன்னை விரட்டினேனா?”

“நீங்க எதுக்கும்மா விரட்டணும்?”

“நீ தம்பிக்குச் சட்டை தைச்சப்ப.”

அம்மா கூரையைப் பார்த்தபடி சொன்னாள். “எனக்குக் கேட்டுச்சே. தலையணை உறைக்கு மெஷின் நீளமா ஓடும். சட்டைக்கு ரெண்டு விரல் ஓடும், நிக்கும், கொஞ்சம் திரும்பும், மறுபடி நிக்கும். நீ கழுத்து வளைக்கிறேன்னு படுத்த இடத்துலயே தெரிஞ்சுது.”

“ஏன் ஒண்ணும் சொல்லல?”

“ஆசையா இருந்துச்சு. குப்பிக்குப் பயந்து எனக்குத் தைக்க முடியல. நீயாச்சும் தைக்கட்டும்னு கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன்.” என் பக்கம் திரும்பினாள். “அப்புறம் அவன் பெட்டிக்குள்ள கிடந்தப்ப, தடுத்திருக்கணும், தடுக்காம விட்டது நான்தான்னு இருந்துச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்ல? நீ சின்னப் புள்ள.”

ஒரு சட்டைக்காக ஒரே வீட்டில் இரண்டு பேர் இத்தனை வருடம் தனித்தனியாகப் பயந்திருக்கிறோம். அந்தச் சட்டையை முதலில் போட்டவன் இன்று வல்லார்பாடத்தில் கண்டெய்னர்களைக் கணக்குப் பார்த்துக்கொண்டு, எங்கள் வீட்டு வாசற்படியில் தலை இடித்துக்கொள்ளும் உயரத்தில் இருக்கிறான்.

நான் கூடத்துக்குப் போய்த் துணியை மகளிடம் திருப்பிக் கொடுத்தேன். சுற்றிலும் ஒரு விரல் துணி கூடுதலாக விடு என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்து, நம்பலாமா என்று யோசித்து, பிறகு வாங்கிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அதையும் இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கீழே இப்போது மண்டி இல்லை. சலிக்கும் சேச்சிகளும் முறங்களும் இருந்த இடத்தில் வெளிநாட்டுக்காரர்கள் காப்பி குடிக்கிறார்கள். மாடிக்கு ஏறி வருவது காப்பி வாசனைதான். குப்பி இல்லை. அந்தப் பச்சைப் பூச்சட்டை எந்தப் பிள்ளைக்குப் போய், அதன்பின் எங்கே கிழிந்ததோ. நான் அம்மாவின் பக்கத்தில் இடதுபக்கமாகப் படுத்துக்கொண்டேன். கூடத்தில் மெஷின் இரண்டு விரல் ஓடியது, நின்றது, திரும்பியது. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த தையலுக்காக இருவரும் காதைக் கொடுத்துக்கொண்டு கிடந்தோம்.