திரையில் ஒரு முடி

"போனைத் தொடைங்க மச்சான். நடுவுல ஒரு முடி ஒட்டிக்கிட்டுக் கெடக்கு."

மூன்று நாளாக அஜீசுன்னிசா இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் ஜெகபர் சாதிக் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ அழைப்பில் வருவார். அவள் சொன்னதும் சட்டை நுனியால் கேமராவைத் துடைப்பார். முடி போகாது. அவர் நெற்றியிலிருந்து மூக்குவரை கறுப்பாக நெளிந்துகொண்டே இருக்கும்.

"தொடைச்சுத் தொடைச்சுக் கண்ணாடியே தேஞ்சிடும் போல. என் மொகத்தப் பாக்கப் புடிக்கலன்னா நேரா சொல்லிடு புள்ள."

"அத நிக்காஹ் அன்னிக்கே சொல்லியிருக்கணும். விடுங்க. கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டீங்களா?"

அந்த வீட்டில் கண் என்றால் அவர் கண்தான். வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கம்பெனி வருஷந்தோறும் கண் பார்க்கும். அப்படிப் பார்த்ததில்தான், சர்க்கரை அவர் விழித்திரையைத் தொட ஆரம்பித்தது தெரிந்தது. அதன் பிறகு அவருக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் மணி காரைக்காலில், இவள் போனில் அடித்தது. இவளுக்கும் பதினோரு வருஷமாகச் சர்க்கரை. தன் மாத்திரையைத் தண்ணீர் மோட்டாருக்கும் பால் பாத்திரத்துக்கும் நடுவே, நின்றபடியே விழுங்குவாள். கால் ஓரிடத்தில் தரிக்காத பிறவி.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் லீவில் வந்தபோது, கண் ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போயிருந்தாள். "ஒங்களுக்கும் சுகர் இருக்குல்ல, சொட்டு மருந்து விட்டு ஒரு தடவ பாத்துடலாமா?" என்று டாக்டரம்மா கேட்டார். சோதனைக்காகக் கண்மணியை விரிக்கும் அந்த மருந்தை விட்டால் சில மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரியும்.

"ரெண்டு பேரு கண்ணுலயும் ஊத்திட்டா ஆட்டோக்காரருக்கு வழி சொல்றது யாரு?" என்று சிரித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

நான்காம் நாள் மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கும்போது நிமிர்ந்து பார்த்தாள். முடி வானத்தில் இருந்தது.

இடது கண்ணை மூடினாள். முடி அப்படியே நின்றது. வலது கண்ணை மூடினாள். வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. மாற்றி மாற்றி ஏழெட்டுத் தடவை மூடித் திறந்தாள். கீழே வந்து மோட்டாரைப் போட்டாள், அணைத்தாள். பெருக்கிய கூடத்தையே மறுபடி பெருக்கினாள். யாரிடம் சொல்வது? அவரிடம் சொன்னால் அங்கே சோறு இறங்காது. அதே ஊரில் கோவில்பத்தில் இருக்கும் மகள் ஷிஃபாவிடம் சொன்னால் ஆபீசுக்கு லீவு போடுவாள். தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அந்தக் கண்ணில் முடி இல்லை, புகை மூடியிருந்தது. வலது பக்கத்து அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியவே இல்லை. அடுப்பை அணைத்தாள், துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் தேவிகாவுக்கு ஆள் நினைவிருந்தது. "வாங்கம்மா, சார் லீவுல வந்திருக்காங்களா? பேஷண்ட் எங்க?"

"நான்தாம்மா."

தேவிகா அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அப்பத் துணைக்கு யாரு?"

"அதுவும் நான்தான்."

தேவிகா சிரித்துவிட்டாள். அஜீசுன்னிசாவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

சொட்டு மருந்து விட்டு, முறை வந்து, டாக்டர் சிவப்ரியா பார்த்து முடிக்க மதியமாகிவிட்டது.

"வலது கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கும்மா. இதுக்கு முன்னாடி எப்பக் கண்ணக் காட்டுனீங்க?"

"அதான் அவருக்குப் பாத்தோமே டாக்டரம்மா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த நோய் ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம்னு நெறைய ஊருக் கணக்கு சொல்லுது. ஆனா எங்கிட்ட ஆம்பளைங்க வர்றப்பக் கண்ணுக்குள்ள வெறும் புள்ளி புள்ளியாத்தான் இருக்கு. பொம்பளைங்க வர்றப்ப ரத்தமா இருக்கு." மறுபடி பேனாவை எடுத்தார். "வலதுக்கு ஊசி போட்டுப் பாக்கணும், உறுதி சொல்ல மாட்டேன். இடதுலயும் ஆரம்பிச்சிருச்சு. அதக் காப்பாத்திடலாம். அதுக்கு லேசர் இன்னிக்கே வைக்கணும். துணைக்கு ஆளக் கூப்புடுங்க."

போனில் எண்ணே தெரியவில்லை. தேவிகாதான் அழைத்துக் கொடுத்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள் ஷிஃபா.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"ஒனக்கு ஆபீசு..."

"ஆபீசு எங்கயும் ஓடிடாது. நீங்கதான் ஒரு எடத்துல நிக்காம ஓடுறீங்க."

லேசர் கருவியின் தாங்கியில் அவள் மோவாயை வைத்தார்கள். "நடுவுல தெரியுற வெளிச்சத்த மட்டும் பாருங்க. கொஞ்சமும் அசையக் கூடாது. கண்ணு ஓடுனா, சூடு படக் கூடாத எடத்துல பட்டுடும்" என்றார் டாக்டர்.

பச்சையாக மின்னல் வெட்டத் தொடங்கியது. பத்து, இருபது. அப்போதுதான் ஷிஃபாவின் மடியிலிருந்த அம்மாவின் பைக்குள் போன் அடித்தது. ஷார்ஜாவில் சாப்பாட்டு நேரம். இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்துக்கு ஓடிய கால், முக்காலிக்கு அடியில் தானாக நகர்ந்தது. விரல்களைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

"வாப்பா கூப்புடுறாங்கம்மா. எடுக்கவா?"

"அடிக்கட்டும்." உதடு மட்டுந்தான் அசைந்தது.

மணி நின்று, மறுபடி தொடங்கியது. அவள் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.