குவித்த கரண்டி

பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கதவைத் திறந்ததும் சமையலக்கா முதலில் மோப்பம் பிடிப்பார். ஆவி முகத்தில் அடிக்க, ஒரு தம்ளரை மூக்கருகே கொண்டுபோவார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். கடைசியாக விளிம்பை நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பார். "சப்புனுதான் இருக்கு. இருந்தாலும் உன்னை நம்பக் கூடாது" என்பார். யாரிடம் என்கிறீர்கள்? இயந்திரத்திடம்தான்.

குழந்தைகள் காப்பகத்தின் அடுக்களை அவருடைய ராஜ்யம். கடைக்காரரின் தராசையும் பால் பாக்கெட்டில் அச்சடித்த தேதியையும் நம்பாதவர். டப்பாவில் பச்சை இலைப் படம் இருந்தாலோ, போச்சு! "இலைதானே? நம்ம பிள்ளைங்ககூடத்தான் வரையுதுங்க."

இயந்திரத்தில் போட்டுவந்த பழைய பொடியின் நெடி மூக்கைத் துளைத்தது. கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் பின்பக்கத்துக் குட்டையில் நுரை மிதந்தது. "தண்ணிக்குக் கெடுதல் இல்லாததா வேணும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. நீங்களே பார்த்து எடுங்க" என்று மேலாளர் பொறுப்பை அவர் தலையில் கட்டினார்.

அக்கா மாதிரிப் பொட்டலங்களைக் குறுக்கு விசாரணை செய்தார். எலுமிச்சை வாசனை வந்ததா? "எதையோ மறைக்கிறான்." வில்லைகள் தனித்தனி பிளாஸ்டிக் உறையிலா? "பூமியைக் காப்பாத்துற லட்சணம் இதுதானா?" மிஞ்சியது வாசனையில்லாத, தண்ணீரைக் கெடுக்கும் பாஸ்பேட் சேர்க்காத, சாதா அட்டைப்பெட்டிப் பொடி. விலையும் குறைவு. அதுவே அவரை உறுத்தியது.

"நல்ல சரக்குன்னா எதுக்கு இவ்வளவு மலிவா குடுக்குறான்?"

வாங்கிய பெட்டிக்குள் ஒரு குட்டிக் கரண்டி இருந்தது. "இத்தனூண்டு பொடியில பிசுக்கு போகுமாம். யாருக்குக் காது குத்துறான்?" என்று குவித்துப் போட்டு, மேலே ஒரு சிட்டிகையும் தூவினார். தம்ளர்களில் வெள்ளைப் படலம் படிந்தது. "பார்த்தீங்களா மேடம், சாயம் வெளுத்துருச்சு!"

படலம் கிடக்கட்டும். சுண்டு என்று எல்லாரும் கூப்பிடும் சின்னவளுக்கு உதட்டோரம் சிவந்து தடித்துவிட்டது. கோப்பையைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொண்டாள். அக்கா சுண்டுவின் மஞ்சள் கோப்பையை மட்டும் இயந்திரத்தில் போடாமல் வெறும் வெந்நீரில் தன் கையால் கழுவினார். சிவப்பு வடிந்தது.

"நான் சொன்னேனா இல்லையா? பழைய பொடியையே வாங்கிடுங்க."

"சரிக்கா. இருக்கிறதைத் தீர்த்துட்டு மாத்திடலாம்" என்றார் மேலாளர்.

பெட்டி காலியாகும் நாளில் தட்டி உதறியும் கரண்டியின் விளிம்பு மட்டத்துக்குத்தான் பொடி தேறியது. முணுமுணுத்தபடி போட்டார். கதவைத் திறந்தால் தம்ளர்கள் பளபளத்தன. மோந்தார், தூக்கிப் பார்த்தார், நாக்கை வைத்தார். ஒன்றும் இல்லை. விரலால் தேய்த்தபோது கண்ணாடி கீச்சிட்டது. அக்கா காலிப் பெட்டியையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னக்கா, இன்னைக்கு இவ்வளவு சுத்தமா இருக்கு?" என்று மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"தண்ணி நல்லா வந்திருக்கும்."

"அப்ப பழசையே வாங்கிடட்டுமா?"

"என்ன அவசரம்? இதுலயே இன்னொரு பெட்டி வாங்குங்க. சந்தேகம் தீரணும்ல?"

புதுப் பெட்டி வந்தது. அக்கா கோப்பைகளை எல்லாம் அடுக்கினார். மஞ்சள் கோப்பையைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, மற்றவற்றின் நடுவே கவிழ்த்தார். பழக்கதோஷத்தில் கரண்டியைக் குவித்து அள்ளினார். வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. குவிந்திருந்ததை விரலால் வழித்துப் பெட்டிக்குள்ளேயே தள்ளினார்.