நாலு பேருக்குத்தான் வீடு

என் செருப்புக்குச் சித்தி வீட்டு வாசலில் இடமில்லை. வெளிச்செருப்பு நிலைப்படி தாண்டினாலே முகம் சுளிக்கிறவர் சித்தி. ஆனால் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் அவர் வீட்டுக்கு நான் தங்க வந்த முதல் நாளே, "செருப்ப வெளிய விடாதம்மா, உள்ள கொண்டாந்துரு" என்றார். பழைய நாளிதழில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பிறகு சாமிப் படத்தைப் பார்க்காமலே போய்க் கையைக் கழுவிக்கொண்டார்.

காரணம் வீட்டுக்காரர். அவரும் நம்ம ஆள்தான், சித்தியை வாய் நிறையத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நாலு பேருக்குத்தான் வீடு, ஒரு தலை கூடினாலும் வாடகை கூடும் என்பது அவர் வைத்த சட்டம். படியேறி வந்து கதவைத் தட்டுமுன் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவார். சித்தி, சித்தப்பா, இரண்டு பிள்ளைகள், அதோடு கணக்கு முடிந்தது. வேலைக்கு வந்த நானும், காப்பாரிலிருந்து வந்து லோரி ஓட்டிய சித்தப்பாவின் தம்பியும் அந்த வீட்டில் இல்லாதவர்கள். நாங்கள் இருவரும் கொடுத்த காசு இல்லாமல் அந்த வாடகையைக் கட்டியிருக்க முடியாது. ஆள் சேராவிட்டால் வாடகை கட்ட முடியாது, ஆள் சேர்ந்தால் வாடகை ஏறும். இந்த அநியாயத்தை எந்தக் கோயிலில் போய்ச் சொல்வது?

பக்கத்திலிருந்த பேரங்காடியில் சித்திக்குத் துப்புரவு வேலை. நடந்தே போய்விடலாம். பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளியும் கூப்பிடு தூரம். அதற்காகத்தான் அந்த வீட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். சம்பளம் இருந்த இடத்திலேயே இருக்க, கோழியும் சமையல் எண்ணெயும் மாதத்துக்கு மாதம் ஏறின. "கே.எல்.ல சம்பாதிக்கிறோம்னு பேருதான். காசு கையில நிக்க மாட்டேங்குதுலா" என்று சொல்லிச் சிரிப்பார். அன்று நானும் கூடச் சிரித்தேன். இன்று நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் கோயிலுக்குப் போய்த் திரும்பியதில், ஆறு பேர் செருப்பும் வாசலில் குவிந்து கிடந்தன. கீழே வீட்டுக்காரரின் கார் நிற்பதைச் சித்தப்பா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டார். பதற்றத்தில் சித்தி எங்கள் செருப்பைத் தேடிப் பிரிக்கவில்லை. இருந்ததை எல்லாம் ஒரே வாரலாக வாரி உள்ளே போட்டுவிட்டு, எங்களை மறுபக்கப் படியில் வெறுங்காலோடு அனுப்பினார். நாங்கள் ஒரு மாடி இறங்கி நின்றோம். மேலே வீட்டுக்காரரின் குரல் தெளிவாகக் கேட்டது. "என்ன தங்கச்சி, வாசல்ல ஒரு செருப்புகூட இல்ல? காலே இல்லாத குடும்பமா?"

நேராக உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாராம். ஆறு ஜோடியும் அங்கேதான் கிடந்தன. "புள்ளைங்க இங்கதாண்ணே படிக்குதுங்க, கொஞ்சம் பாத்து செய்யுங்கண்ணே" என்று சித்தி கெஞ்சினார். "சின்ன வீடு தங்கச்சி, இத்தன பேரு தாங்காதுலா" என்றார் அவர். அடுத்த மாதமே எங்களால் எட்ட முடியாத வாடகையைச் சொன்னார். சித்தி குடும்பம் நகரத்தை விட்டுத் தள்ளியிருந்த காப்பாருக்குப் போனது. நான் செராஸில் ஓர் அறையில் ஒண்டிக்கொண்டேன்.

அதே பேரங்காடியைத்தான் சித்தி இன்னும் துடைக்கிறார். விடியுமுன் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளில் கிள்ளானுக்கு, அங்கிருந்து ரயிலில் நகரத்துக்கு. திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். முழங்கால் வீங்கிவிட்டது. இந்த ஊரைச் சுத்தமாக வைத்திருக்கிறவர்கள் இந்த ஊரில் படுத்துத் தூங்கக் கூடாதாம். இந்த நகரமும் சுற்றுவட்டாரமும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கு வளர்கிறது என்று யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வருகிறது.

போன மாதம் வெளியூரிலிருந்து வரும் அலுவலக விருந்தினருக்காகக் கைப்பேசியில் தங்குமிடம் தேடினேன். அந்த வீடு வந்தது. சித்தி தன் கையால் நீலச் சாயம் அடித்த ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகை. ஓர் இரவுக்குக் கேட்கிற தொகையைச் சித்தி வாரம் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தால்தான் பார்க்க முடியும். அதிலிருந்த எண்ணுக்கு அழைத்தேன். அதே குரல். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

"அங்கிள், நாங்க ஆறு பேரு வரோம். தங்க முடியுமா?"

"ஆறு பேருதானே? தாராளமா தங்கலாம்லா, பெரிய வீடு."