அம்பில்லாமல் விட்ட நாண்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வில் வாங்கி மான் வேட்டைக்குப் போகப்போவதாக ஒஸ்லோவின் புறநகரான அம்மருட்டில் எங்கள் கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டு, மச்சானோடு நகருக்குள் இருந்த வில் கடைக்குப் போனேன்.

அங்கே விற்பனைக்கு நின்றது எங்கள் தமிழ்ப் பெண்பிள்ளை. வேலைக்குச் சேர்ந்து ஒரு கிழமைதானாம்.

"அங்கிள், இந்த நாட்டிலை வில்லாலை வேட்டையாட விடமாட்டினம். குறிபார்த்து அடிக்கிறதெண்டால் உங்களுக்கு நாற்பது இறாத்தல் இழுவை உள்ள வில்லே காணும்."

"நாற்பதோ? அது பாலர் வகுப்புக்கு," என்று மச்சான் சிரித்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. கப்பி பூட்டிய எழுபது இறாத்தல் வில்லைக் கேட்டேன்.

"அம்பு வைக்காமல் நாணை விட்டிடாதேங்கோ, வில் வெடிச்சிடும்," என்று சொல்லித்தான் தந்தாள். பாதி இழுக்கவே தோள் நடுங்கியது. விரல் வழுக்கியது. படாரென்று வில் பிளந்தது.

அவள் வில்லைப் பார்க்காமல் என் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். "கண்ணிலை ஒண்டும் படேல்லையே, அங்கிள்?"

முதலாளி ஓடிவந்தார். "நான்தான் சொல்ல மறந்திட்டன்," என்று நோர்வேஜிய மொழியில் பழியை ஏற்றாள். இனி வேலைக்கு வரவேண்டாம் என்று அவர் அவளிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. நான் பேசாமல் வெளியேறினேன்.

ரயிலில் இருப்புக்கொள்ளவில்லை.

"தப்பிட்டம், விடு," என்றான் மச்சான்.

அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி ஓடினேன். அவள் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள். "இவ சொன்னவ. நான்தான் கேக்கேல்லை," என்றேன் முதலாளியிடம், எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில். அவள் குளிர்ச்சட்டையைக் கழற்றி மறுபடி வேலையில் இறங்கும்வரை அங்கேயே நின்றேன்.

திரும்பிப் போனதைப் பெருமையாகச் சொல்லலாம். ஆனால், இவ்வளவு கதைக்கிற நான் ஒரு நிலையத் தூரம் வாய்மூடி இருந்தேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.