தங்கத் தேரும் இருபத்தேழு அங்குலமும்

தைப்பூசத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தபோது எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியும் என்னைப் போலவே பணி ஓய்வு பெற்றது. செய்தி வாசிக்கும் பெண்ணின் முகம் முதலில் பச்சையானது. பிறகு நடுவில் ஒரு கோடு விழுந்தது. கடைசியில் குரல் மட்டும் மிஞ்சியது. வானொலி என்று நினைத்துக்கொண்டால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் மனைவி அப்படி நினைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. டிசம்பரில் அவளுக்கு வலது முழங்காலை மாற்றியிருந்தார்கள். பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். பூசத்துக்கு முதல் நாள் தேர் பார்க்க அவள் தவறியதே இல்லை. மூத்த மகளைச் சுமந்துகொண்டிருந்த வருடம்கூட, பிரசவத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, டத்தோ கிராமட் சாலையோரம் நின்று கும்பிட்டுவிட்டு வந்தாள். இந்த முறை நிற்கவே கூடாது, கூட்டத்துப் பக்கம் போகவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சக்கர நாற்காலியில் கூட்டிப் போகிறேன் என்றேன். தேங்காய் உடைத்துக் கிடக்கிற சாலையில் சக்கர நாற்காலியா என்று கேட்டாள். அந்த ஓட்டுக் குவியலில் நல்ல கால் உள்ளவர்களே வழுக்கி விழுகிறார்கள்.

தேரோடு நடந்துகொண்டே நேரலை எடுத்துப் போடும் இளைஞர் குழு ஒன்று உண்டு. அதைக் கைப்பேசியில் பார்க்கலாமே என்றேன்.

"முருகன நகத்தளவுல பாத்துக் கும்பிடறதா? டிவி வாங்குங்க. பூசத்துக்குள்ள வரணும்."

ஆக, தேவை தெளிவு, கெடு தெளிவு. வேறு யாராவதாக இருந்தால் அன்று மாலையே கடைக்குப் போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். நான் முப்பத்தொரு வருடம் ஓர் அரசாங்க இலாகாவின் கொள்முதல் பிரிவில் இருந்தவன். துடைப்பத்திலிருந்து ஜெனரேட்டர் வரை எதை வாங்குவதானாலும் முதலில் தேவைப் பட்டியல், பிறகு மூன்று கடைகளின் விலை, பிறகு ஒப்பீட்டு அட்டவணை, அதன் பிறகுதான் கையெழுத்து. இந்த முறையில் வாங்கிய எதுவும் என் காலத்தில் கெட்டுப்போனதில்லை. சில பொருள்கள் வந்து சேர்வதற்குள் கேட்டவர்கள் மாற்றலாகிப் போனார்கள் என்பது உண்மைதான். அது முறையின் குற்றமல்ல.

குழப்பத்தை ஆரம்பித்து வைத்தவர் என் பழைய சக ஊழியர். இலாகாவின் கணினிப் பிரிவில் இருந்தவர். காலையில் நாங்கள் டீ குடிக்கும் கடையில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். தொலைக்காட்சி என்பதே போன தலைமுறைப் பொருள் என்றார். இப்போது விவரம் தெரிந்தவர்கள் கணினி மானிட்டரைத்தான் வாங்கிச் சுவரில் மாட்டுகிறார்களாம். அதே விலைக்கு இரண்டு மடங்கு துல்லியம், கண் வலிக்காது, வேண்டாத விளம்பரத்தைத் திறந்தவுடனே காட்டாது. கையடக்கப் பெட்டி ஒன்றைப் பின்னால் செருகினால் நேரலையெல்லாம் தானாக வரும். ஆறடி தூரத்தில் உட்கார்ந்தால் இருபத்தேழு அங்குலம் தாராளம் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து அளவு நாடாவை எடுத்தேன். என் பிரம்பு நாற்காலியிலிருந்து சுவருக்குச் சரியாக ஆறடி இரண்டு அங்குலம். பக்கத்திலிருக்கும் சோபாவுக்கு ஆறடி ஐந்து. தேவைப் பட்டியல் ஒன்றரைப் பக்கம் வந்தது. கடைசியில் 'பயனாளர் ஒப்புதல்' என்று ஒரு கோடு போட்டு மனைவியிடம் நீட்டினேன். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "எங்க போடணும்?" என்று கேட்டாள். காட்டினேன். போட்டாள். படிக்கவில்லை. என் அனுபவத்தில் பயனாளர்கள் யாரும் படிப்பதில்லை.

முதல் கடை பெரிய பேரங்காடியில் இருந்தது. வரிசையாக முப்பது தொலைக்காட்சிகள். எல்லாவற்றிலும் ஒரே அருவி, ஒரே கிளி. வீட்டுக்கு வந்தபின் எந்தத் தொலைக்காட்சியும் கிளியைக் காட்டுவதில்லை. செய்தியைப் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டேன். விற்பனைப் பெண் மேலாளரைக் கூப்பிடப் போனவர் திரும்பவில்லை. இரண்டாவது கடையில் விலையை எழுதித் தர மறுத்தார்கள். மூன்றாவது, பட்டணத்துக்குள் ஒரு தமிழ் முஸ்லிம் நண்பர் நடத்தும் மின்பொருள் கடை. ஐம்பது வயதிருக்கும். என் ஒன்றரைப் பக்கத்தையும் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார். அந்த மரியாதையை நான் தலைமையகத்தில்கூடப் பெற்றதில்லை.

படித்து முடித்துவிட்டு, "அண்ணே, டிவி வாங்க வந்தீங்களா, பினாங்குக்கு மூணாவது கடல் பாலம் கட்ட வந்தீங்களா?" என்றார்.

ஆனாலும் மானிட்டர் வைத்திருந்தார். விலையை எழுதியும் தந்தார். பெட்டியை எடுக்குமுன் இன்னொரு கேள்வியும் கேட்டார். "வீட்ல அக்கா எங்கேருந்து பாப்பாங்க?" சோபாவிலிருந்து, ஆறடி ஐந்து அங்குலம் என்று பட்டியலில் இரண்டாவது பத்தியைச் சுட்டிக் காட்டினேன். "பேப்பர்ல இருந்தா சரிதான்லா" என்று பெட்டியை எடுத்து வைத்தார்.

பூசத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் மானிட்டர் சுவரில் ஏறியது. சோதித்துப் பார்க்கப் போன வருடத் தேர்க் காட்சியைப் போட்டேன். பிரம்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். சந்தேகமே இல்லை, தேரை இழுக்கும் மாட்டின் கொம்பில் பூசிய சாயம்கூடத் தெரிந்தது. பினாங்கில் இரண்டு தேர்கள் வரும், ஒன்று தங்கம், ஒன்று வெள்ளி. திரையில் முதலில் வந்தது தங்கம். வெயில் பட்டு அப்படி மின்னியது. திரும்பாமலே பெருமையோடு கேட்டேன், எப்படித் தெரிகிறது என்று.

"தேரு தெரியுது. தங்கமா வெள்ளியான்னுதான் தெரியல."

குரல் பக்கத்திலிருந்து வரவில்லை. சோபாவைப் பார்த்தேன். காலி. கழுத்தை முழுதாகத் திருப்பிய பிறகுதான் ஆள் தெரிந்தாள்: சமையலறை வாசலில், சாப்பாட்டு மேசை நாற்காலியில், எதிரே முக்காலி போட்டு வலது காலை அதன்மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அங்கே ஒரு நாற்காலி கிடப்பதை நான் வாரக்கணக்காகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன். ஏன் கிடக்கிறது என்று யோசித்ததில்லை.

எப்போதிலிருந்து அங்கே உட்காருகிறாய் என்று கேட்டேன்.

"கால் ஆபரேஷன் பண்ணதுலேருந்து. சோபா பள்ளம், உக்காந்தா எந்திரிக்க முடியாது. அதுக்கு முன்னாலயும் இங்கேருந்துதான், நின்னுக்கிட்டு. அடுப்புல கொழம்ப வச்சிட்டு எவ சோபாவுல போய் உக்காருவா?"

"பட்டியல்ல கையெழுத்து போட்டியே."

"கையெழுத்து கேட்டீங்க, போட்டேன். எங்க உக்காருவேன்னு கேட்டீங்களா?"

எழுந்துபோய் அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்தேன். பதினான்கு அடி, அதுவும் பக்கவாட்டில். மானிட்டர் நாள்காட்டித் தாள் அளவுக்குச் சுருங்கியிருந்தது. நேரே பார்க்கும்போது மின்னிய தங்கம் சாய்ந்து பார்க்கையில் வெளுத்து, பால் டின்னின் மூடி போலிருந்தது. சத்தமோ ரசம் கொதிக்கிற சத்தத்தைத் தாண்டி வரவில்லை. மானிட்டரை அவள் பக்கம் திருப்பிப் பார்த்தேன், கம்பி எட்டவில்லை. அவள் நாற்காலியை முன்னால் நகர்த்தினால் முக்காலி குளியலறைக் கதவை அடைத்தது. முப்பத்தொரு வருடத்தில் எத்தனை கோப்புகளைச் சிவப்பு மையில் 'பயன்படுத்தும் இடம் குறிப்பிடப்படவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன். என் வீட்டுக் கோப்பில் இடம் குறிப்பிடப்பட்டிருந்தது. அது நான் உட்காரும் இடம்.

"பரவால்ல விடுங்க. சத்தம் கேட்டா போதும், கண்ண மூடிக் கும்பிட்டுக்கறேன்" என்றாள். கோபத்தில் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் உண்மையாகவே சமாதானமாகிக்கொண்டிருந்தாள். அதுதான் என்னை அன்று மாலையே பெட்டியைக் கட்ட வைத்தது.

பொருளைத் திருப்பித் தருவதிலும் ஒரு முறை உண்டு. அட்டை, நுரைத் துண்டுகள், கம்பியைக் கட்டியிருந்த சிறு முறுக்குக் கயிறு வரை எல்லாம் வந்த வரிசையிலேயே உள்ளே போயிருந்தன. மறுநாள் கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்து, தொழிற்சாலையிலிருந்து வந்ததைவிட ஒழுங்காக இருக்கிறது என்றார். மாற்றித் தருவதில் அவருக்குத் தயக்கமில்லை.

"அக்கா சோபாவுல இல்லியா?"

"இல்லை."

"அன்னிக்கே கேட்டேன்ல அண்ணே. பேப்பர நீட்டினீங்க."

இந்த முறை பட்டியல் எதுவும் இல்லை. நாடாவின் ஒரு முனையை அவர் ஓர் ஐம்பது அங்குலத் தொலைக்காட்சியின் மேல் பிடித்துக்கொண்டார். மறு முனையோடு நான் பின்னால் நடந்தேன். பதினான்கு அடி என்பது கடை வாசலைத் தாண்டி, ஆட்கள் நடந்து போகும் ஐந்தடிப் பாதையில் முடிந்தது. அங்கே ஓரமாக நின்று போன வருடத் தேரைப் போடச் சொன்னேன். முருங்கைக்காய்க் கட்டோடு போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா நின்றார். எனக்கும் திரைக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குத் தெரியாது. அங்கிருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தங்கத் தேரு" என்று சொல்லிவிட்டுப் போனார். என் பணிக்காலத்தில் எந்த மதிப்பீட்டுக் குழுவும் இவ்வளவு சீக்கிரம் ஒருமனதாக முடிவெடுத்ததில்லை.

தேருக்கு மூன்று நாள் முன்பு தொலைக்காட்சி வந்தது. மாட்டி முடித்தபின் நான் முதலில் போய் உட்கார்ந்தது சமையலறை வாசல் நாற்காலியில். பிரம்பு நாற்காலியிலிருந்து பார்த்தால் இது கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கிறது. செய்தி வாசிக்கும் பெண் மடியில் உட்கார்ந்து வாசிப்பது போல. அதை நான் வெளியில் சொல்லவில்லை.

தேரன்று காலை, புதிய திரையின் முன்னால் சௌகரியமாக உட்காரலாம் என்றிருந்தேன். மனைவி ஒரு பையைக் கொடுத்தாள். உள்ளே தேங்காய், சூடம், வெற்றிலை. அவள் பெயரில் யாராவது தேங்காய் உடைக்க வேண்டாமா என்றாள். எங்கே நிற்க வேண்டும் என்பதும் தீர்மானமாகியிருந்தது: டத்தோ கிராமட் சாலையில் அவள் வழக்கமாக நிற்கும் விளக்குக் கம்பத்தருகே. பயனாளர் இடத்தைக் குறிப்பிட்டுவிட்டார்; நான் போனேன்.

நல்ல கூட்டம். கம்பத்தடியில் வெகுநேரம் நின்றேன். மேளச் சத்தம் நெருங்கி, தேரின் முன்னால் கேமரா தூக்கிய இளைஞர்கள் வந்தபோது கைப்பேசி அடித்தது.

"கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லுங்க. சாமிய மறைக்கிறீங்க."

நான் ஏற்கெனவே நகர்ந்திருந்தேன். நேரலை அரை நிமிடம் தாமதமாகத்தான் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது. அதைச் சொல்வதற்குள் அடுத்தது வந்தது. "சட்டையில ரெண்டாவது பட்டன் போடல."

குனிந்து பார்த்தேன். போடவில்லைதான்.

"இப்ப வர்றது தங்கமா வெள்ளியா, சொல்லு பாப்போம்" என்றேன்.

"வெள்ளி. தங்கம் அப்பவே போயிடுச்சு. நீங்க பின்னால ஸ்டால்ல டீ குடிச்சிக்கிட்டிருந்தீங்க."

அலுவலகத்தில் பொருள் சரியாக இருக்கிறது என்று பயனாளர் எழுதித் தரும் சான்றிதழ் ஒன்று உண்டு. அது கைக்கு வர மூன்று மாதமாகும். கைப்பேசியை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டேன், பட்டனைப் போட்டேன், சூடம் ஏற்றித் தேங்காயை ஓங்கி அடித்தேன். உடையவில்லை. ஒரு பெரியவரின் காலடி வரை உருண்டு போனது. சட்டென்று ஓடி எடுத்து இரண்டாம் முறை அடித்தேன்; நான்காகச் சிதறியது. சுற்றிலும் அத்தனை பேரும் தேரையே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை என்று நிமிர்ந்தேன்.

அரை நிமிடம் கழித்துச் சட்டைப் பைக்குள் என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள்.